அம்மா சுருட்டிய தோட்டாக்கள்

என் அம்மா ஓர்ஃபா, கென்டக்கியில் எங்கள் வீட்டின் பக்கவாட்டு அறையில் பெண்களுக்கு முடி சுருட்டிவிடுகிறவள். அப்பா டெல்மருக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் திருநாள். பழங்கால ரிவால்வரோடு துப்பாக்கி சுடும் கிளப்பின் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். அதன் உருளையில் உள்ள ஒவ்வொரு துளையிலும் கரிய வெடிமருந்துத் தூளைக் கொட்டி, மேலே ஈயக்குண்டை அழுத்த வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கை நடுங்கி, மருந்து மேசையெல்லாம் சிந்தியது.

மைதானப் பொறுப்பாளர் வெர்லின் அவருடைய பால்ய நண்பர். "பக்கத்துல சுடுறவன் பொறி ஒண்ணு பட்டாப் போதும்டா, டெல்மர். இன்னொரு தடவ சிந்துச்சுன்னா உன்னை நிறுத்தித்தான் ஆகணும்" என்றார்.

அப்பா துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைத்தார். வீட்டில் பேசுவதும் குறைந்துபோனது.

முடி சுருட்டும்போது நுனியில் வைக்கும் மெல்லிய தாளை அம்மா எடுத்தாள். அதைக் கூம்பாக்கி மருந்தையும் குண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால், அப்பா அப்படியே செருகிக்கொள்ளலாம். அடுப்பை அணைத்து, சிகரெட் பிடிக்கும் வாடிக்கைக்காரிகளை வாசலுக்கு விரட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

கொல்லையில் சுட்டுப் பார்த்தபோது, மருந்துக்குத் தீ வைக்க உருளையின் பின்னால் பொருத்தும் கேப்பு மட்டும் 'டப்' என்றது. குண்டு நகரவில்லை. தாமதமாக வெடித்துவிடுமோ என்று அப்பா குழலை மண்மேட்டை நோக்கிப் பிடித்தபடியே வெகுநேரம் காத்திருந்தார். நுனி பிரிந்துவிடக் கூடாது என்ற தொழில் பழக்கத்தில் அம்மா தாளை இரட்டையாக மடித்துப் பசையை அப்பியிருந்தாள். கேப்பின் தீ உள்ளே போக வழியே இல்லை.

"ஏன் ஓர்ஃபா, குண்டுக்கும் சுருள் வச்சிட்டியா? ஆறு மாசம் கலையாது போலிருக்கே!"

"உன் தலையிலதான் வைக்க ஒண்ணுமில்லையே, வேற என்ன பண்ண?"

அப்பா சிரித்ததைக் கேட்டு எத்தனையோ வாரமாகியிருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். துப்பாக்கியைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்தக் குழப்பத்தோடுதான் தாள் வெட்டிக் கொடுத்தேன். இம்முறை அம்மா நுனியில் ஒற்றைத் தாள்தான் விட்டாள். மண்மேட்டில் குண்டு பாய்ந்தது.

சனிக்கிழமை வெர்லின் "நிரப்பு!" என்று குரல் கொடுத்தார். அப்பாவின் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் தோட்டாக்கள் ஒவ்வொன்றாகத் துளைகளில் இறங்கின. வெர்லின் வந்து மேசையை உள்ளங்கையால் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு துகள்கூட ஒட்டவில்லை.

"மேசை சுத்தம்டா. சுடு."

பாதிக் குண்டுகள் இலக்கு அட்டையில் படவே இல்லை. "குறி கேவலம். அடுத்த மாசமும் வந்து தொலை" என்றார் வெர்லின்.

அப்பா வேலியோரம் நின்ற அம்மாவிடம் வந்து, கரி படிந்த கையால் அவள் கையைப் பிடித்தார். "ரொம்ப தேங்க்ஸ், ஓர்ஃபா."

"கையக் கழுவிட்டு வந்து சொல்லு" என்றாள் அம்மா. கையை மட்டும் விடவில்லை.