மாமா போட்ட மேசை

என் தாய்மாமா தொலைதூர ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருபத்தாறு வருடம் பரிமாறினார். தனியாக வருகிறவர்களைத் தனியாகச் சாப்பிட விடமாட்டார். முன்பின் தெரியாத இருவரை எதிரெதிரே உட்காரவைப்பார். அவர்கள் பேச ஆரம்பித்தால்தான் அவருக்கு நிம்மதி.

ஒரு மதியம் தனியாக வந்த பெண் ஒருத்திக்கு எதிரே, பிறகு வந்த வழுக்கைத்தலைக்காரரை உட்காரவைத்தார். இருவரும் ஜன்னலையே பார்த்தார்கள். சூப் ஆறிப்போயிற்று. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“சார் எங்க போறீங்க?”

“மாமனார் வீட்டுக்கு.”

“நீங்கம்மா?”

“எங்கப்பா வீட்டுக்கு.”

“பாத்தீங்களா, ரெண்டு பேருமே சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான்! சாரைப் பாத்தா தங்கமான மனுஷராத் தெரியுது. பேசுங்கம்மா.”

“பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் அப்படித்தான் தெரியுது,” என்றாள் அவள். “கோவிச்சுக்கிட்டு வண்டியேறினா பின்னாடியே வந்துட்டாரு.”

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “வேற மேசை தரட்டுமாம்மா?”

“வேண்டாம். வீட்டுல நான் பேச ஆரம்பிச்சா செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவாரு. இங்க எங்க போவாரு?”

மூன்று ஸ்டேஷன் தாண்டும்வரை அவள் பேசினாள். கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒருமுறை அவர் எழப் பார்த்தபோது, “இனிப்பு வரணும் சார்” என்று மாமாவே தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

கடைசியில் அவள் மாமாவிடம், “திரும்பிப் போற வண்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.

“ரெண்டு பேருக்குமாம்மா?”

“இவரு இன்னிக்கே போகட்டும், வீட்டைப் பெருக்கணும். நான் நாலு நாள் கழிச்சு வரேன்.”