கிரேன் உச்சியில் கீச்சிடும் பாட்டில்

கிரேன் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து தாகத்தை அடக்கியே பழகியவர் அவர். சிறுநீரகத்தில் கல் வந்ததும் மகள் ஒரு பாட்டில் வாங்கித் தந்தாள். குடிக்காவிட்டால் அது கீச்சிடும். குடித்த கணக்கு மனைவியின் போனுக்குப் போகும். சரி, குடித்தால்? ஒன்றுக்குப் போக அத்தனை ஏணியும் இறங்க வேண்டும். மேஸ்திரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். சனியன் தொலையட்டும் என்று இன்று பாட்டிலைக் கீழே கம்பி கட்டுபவர்களிடம் கொடுத்துவிட்டு ஏறினார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் ஜக்குத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். மனைவி போனை நீட்டினாள்.

"நாலு லிட்டர் குடிச்சதா காட்டுது. அப்புறம் ஏங்க இப்படிக் காஞ்சு வந்திருக்கீங்க?"

ஜக்கை ணங்கென்று வைத்தார்.

"குடி குடின்னு உயிரை வாங்கத் தெரியுதுல்ல? மேல ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லு, குடிக்கிறேன்!"