நாரந்தனைக் கோயிலில் றெஜினாவுக்காக ஒரு மாலை

பாரிஸில் வளரும் எங்கள் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடந்த ஆவணியில் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பாடப் போனோம். நான் பாடகியல்ல. மகள் குழுவில் பாடுகிறாள். நான் மருந்துப் பையும் தண்ணீர்ப் போத்தலும் காவப் போனவள். இளையோர் பாடகர் குழுவொன்றை இப்படிக் கூட்டிப்போக நினைக்கும் பெற்றோருக்கு உதவும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் எங்கே பஸ் ஏறுவது, எங்கே வள்ளம் ஏறுவது என்பதோடு நிறுத்த மனம் வரவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஜெனிற்றா. பத்தொன்பது வயது, குழுவில் தனிக்குரலில் பாடுபவள். அவளுடைய தாய் றெஜினா தீவகத்தில் நாரந்தனையில் பிறந்தவர். அதற்கு முந்திய மாரியில் பாரிஸில் புற்றுநோயால் காலமானார். தகனசாலையில் எங்களுக்குக் கிடைத்தது அரைமணி நேரம். அடுத்த குடும்பம் வெளியே காத்து நின்றது. ஜெனிற்றா தாய்க்குப் பாடுவதாக இருந்தாள்; குரல் எழவில்லை. அழவும் இல்லை. அதற்குப் பிறகு, அம்மாவின் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பாடியே ஆகவேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றாள். நெடும்பயணம் கூடாது என்று வைத்தியர் சொன்னதால் தகப்பன் வரவில்லை. அவளை என் பொறுப்பில் விட்டார்.

யாழ் நகரில் சிறிய பஸ் ஒன்றை நாள் வாடகைக்குப் பிடித்தோம். இருபத்தையாயிரம் ரூபா, டீசலும் அதற்குள். மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டுப் பண்ணைப் பாலம் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல், முழங்காலளவு தண்ணீரில் மீன்கூடுகள். பிள்ளைகள் யன்னலோடு ஒட்டிக்கொண்டார்கள். போர்க்காலத்தில் படுகொலை நடந்த அல்லைப்பிட்டி வந்ததும் சாரதி தானாகவே பாட்டை நிற்பாட்டினார். பிள்ளைகள் ஏனென்று கேட்கவில்லை. பெரியவர்களுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் நாரந்தனை வந்துவிட்டது.

கோயிலில் எங்களை வரவேற்றவர் மெற்றில்டா அக்கா. ஊர்ப் பாடகர் குழு அவர் பொறுப்பு, புருஷன் கடற்றொழில். குளிர்பானம் தந்தார், பிள்ளைகளின் தமிழைக் கேட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் பாட்டு வரிசையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

கடைசிப் பாட்டாக ஒரு புலம்பலை வைத்திருந்தோம். இறந்த மகனை மடியில் கிடத்தி மாதா அழுகிற புலம்பல். பிள்ளைகள் இணையத்தில் கேட்டுப் பழகியது. எங்கள் பாட்டு மாஸ்டர் அதை நாலு குரலுக்குப் பிரித்து, தனிக்குரலை ஜெனிற்றாவுக்குக் கொடுத்திருந்தார். தாயை இழந்த பிள்ளை தாய் அழுகிற பாட்டைப் பாடுவது எவ்வளவு பொருத்தம் என்று நாங்கள் எல்லோரும் உருகிப்போயிருந்தோம். நான் புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்த சைவக்காரி. வேதக்காரரின், அதுதான் கிறிஸ்தவர்களின், வழக்கம் எனக்கு எங்கே தெரியும்?

"இது செத்த வீட்டில பாடுறது, தம்பி," என்று மெற்றில்டா அக்கா மாஸ்டரிடம் சொன்னார். "தவக்காலத்தில கோயிலில படிப்பம். மற்றும்படி வாயில எடுக்கிறேல்லை. கதிரை போட்டுச் சனத்தை இருத்தி, கைதட்ட வைக்கிற பாட்டில்லை இது."

மாஸ்டர் உடனே மன்னிப்புக் கேட்டுப் பாட்டை எடுத்துவிட்டார். ஜெனிற்றா போய் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எத்தனை கடல் தாண்டி வந்த பிள்ளை! சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் மெற்றில்டா அக்காவிடம் போனேன். இவள் றெஜினாவின் மகள், தாய்க்குப் பாடத்தான் இவ்வளவு தூரம் வந்தவள் என்று சொன்னேன்.

அவர் அப்படியே பக்கத்து வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். றெஜினாவும் அவரும் ஒரே வகுப்பாம். செத்த செய்தி தொலைபேசியில் வந்ததாம், மகள் இந்தக் குழுவில் வருகிறாள் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். பிறகு, "அவவுக்கு அங்க ஆர் பாடினது?" என்று கேட்டார்.

ஒருத்தரும் பாடவில்லை என்றேன்.

ஐந்து மணிக்குக் கச்சேரி தொடங்கியது. பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். சனம் மனம்விட்டுக் கைதட்டியது. கடைசிப் பாட்டு முடிந்ததும் மெற்றில்டா அக்கா எழுந்து, எங்கட றெஜினாவுக்கு ஊரில் இன்னும் ஒருவரும் பாடவில்லை, நேரமுள்ளவர்கள் இருங்கோ என்றார். ஒருவரும் போகவில்லை. ஆண்கள் கதிரைகளைத் தூக்கி வெளியே வைத்தார்கள். பாய் விரிக்கப்பட்டது. பெண்கள் நிலத்தில் சேர்ந்து இருந்தார்கள்.

ஜெனிற்றா பாடுவதற்காகக் குழுவின் முன்னால் வந்து நின்றாள். மெற்றில்டா அக்கா போய் அவளுடைய கையைப் பிடித்தார்.

"நீர் பாடக்கூடாது, பிள்ளை. தாய்க்குப் பிள்ளை பாடுறேல்லை. அது அயலின்ர வேலை. நீர் இதில இரும், நாங்கள் பாடுறம்."

அவளை இரண்டு பெண்களுக்கு நடுவில் இருத்தினார். ஊர்ப் பெண்கள் தொடங்கினார்கள். அதே புலம்பல்தான், ஆனால் நாங்கள் பழகியதைவிட மிக மெதுவாக. மாஸ்டர் கையைக் கீழே விட்டுவிட்டார். எங்கள் பிள்ளைகள் காதால் கேட்டுக் கேட்டு அடிக்குரலில் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது அடியிலேயே ஜெனிற்றா பக்கத்துப் பெண்ணின் மடியில் விழுந்து அழத் தொடங்கினாள். நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து அவளுடைய கைகளைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் காலை குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு போனோம். வள்ளத்தில் இருபது நிமிடம்தான். வழியெல்லாம் ஜெனிற்றா தாயைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். அத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆவணியில் காற்று பலம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடல் என்பதால், வள்ளத்தில் ஏலாத பிள்ளைகளை நயினாதீவோடு நிறுத்துங்கள். தோளும் முழங்காலும் மறைக்கும் உடுப்பு எல்லோருக்கும் வேண்டும். பாட்டு வரிசையை ஒரு மாதம் முன்னமே அந்தந்த ஊருக்கு அனுப்பி, எதை எப்போது பாடுவார்கள் என்று கேளுங்கள். கதிரைகளை நிலத்தோடு பொருத்திய மண்டபங்களைத் தவிர்ப்பது நல்லது என்றும் சொல்வேன். சிலவேளை அவற்றைத் தூக்கி வெளியே வைக்கவேண்டி வரும்.

போன மாதம் பாரிஸில் எங்கள் கட்டடத்தில் ஒரு பெடியனின் தாய் செத்துப்போனார். நாரந்தனை ஆட்கள் இல்லை, மன்னார்ப் பக்கம். அதே தகனசாலை, அதே அரைமணி நேரம். பெடியன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாட எழுந்தான். பின்வரிசையிலிருந்து ஜெனிற்றா முன்னால் போனாள்.

"நீர் இரும், தம்பி," என்றாள். "நாங்கள் பாடுறம்."