தங்கச்சி எழுதிய ஸ்விங்

என் தங்கச்சி அம்சவேணி போராடி ஜெயித்தவை இவை. பேண்டு செட்டில் பெண்ணுக்கு என்ன வேலை என்று மலையடிவாரக் காரவள்ளி ஊர் மாஸ்டர் விரட்டியும் சாக்சபோன் கற்றுக்கொண்டாள். மேற்கத்திய இசைத் தேர்வில் தோற்று, மறுபடி எழுதித் தேறினாள். சென்னையில் முரளி என்பவர் நடத்தும் ஜாஸ் பேண்டில், ஆண்களே இருந்த சாக்சபோன் வரிசை நடுவே நாற்காலி பிடித்தாள். மலைமேல் எங்கள் ஊர்களைச் சேர்த்து வாழவந்தி நாடு என்பார்கள்; அங்கே வேறு யாரும் இதைச் செய்ததில்லை.

அந்தக் குழுவுக்காக, பக்கத்து அரியூர் நாட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பாடும் ஒரு மெட்டை ஸ்விங் நடையில் அமைத்தாள். ஸ்விங் என்றால் ஜோடி ஜோடியாக வரும் சுரங்களில் முதலாவதை இழுத்து, அடுத்ததைச் சட்டென்று விடுவது. கேட்டால் கால் தானாக ஆடும். மெட்டை சாக்சபோன்கள் எடுத்துப் போக, டிரம்பெட்டுகள் இடையில் வெட்ட, டிராம்போன்கள் அடியில் உறும, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தாள். மழைக்காலம் முழுக்க எழுதினாள்.

சேலம் கச்சேரிக்கு நான் போயிருந்தேன். அவள் பாட்டுக்குக் கிடைத்த கைதட்டல் அடங்கியதும் முரளி மைக்கில், "இது நம்ம அரேஞ்ச்மென்ட்" என்று குனிந்து கும்பிட்டார். மேடைக்குப் பின்னால் போனேன். கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார், எண்ணெய் தாடையில் வழிந்தது.

"ஏனுங்க, அது என் தங்கச்சி எழுதினதுங்க."

"பேர் எங்க போட்டிருக்கு? மூலையில ஏதோ கோழி கிளறின மாதிரி இருந்துச்சு" என்று விரலைச் சப்பினார்.

அது எங்கள் குடும்பக் குறி. மலையில் யாரும் மிளகு மூட்டையில் பெயர் எழுதுவதில்லை. வீட்டுக்கு ஒரு குறி. அதைக் கரியால் போட்டுவிட்டால் சந்தையில் எவனும் தொடமாட்டான். அதைத்தான் அவள் ஒவ்வொரு தாளிலும் போட்டிருந்தாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்: "பேரு எழுதியிருக்கலாமில்ல கண்ணு?"

"நம்மூட்டுக் குறி இருக்கறப்ப பேரு எதுக்குண்ணா? தொடமாட்டாங்கன்னு இருந்தேன்."

"தொடலயே. அப்படியே முழுங்கிட்டான்."

அடுத்த கச்சேரி சென்னையில். நடத்துகிறவர்கள் அதே பாட்டைத்தான் கேட்டிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன். ஒத்திகைக்கு முன் அம்சவேணி எழுந்து, ஸ்டாண்டு ஸ்டாண்டாகத் தன் தாள்களை எடுத்து மடியில் அடுக்கினாள்.

"என்னம்மா இது? ஷோ முடியட்டும், பேசிக்கலாம்" என்றார் முரளி.

"இல்லீங்க சார். எம்பேரை எழுதித்தான் திருப்பித் தருவேன். மைக்குலயும் அதைத்தான் நீங்க சொல்லணும்."

"இல்லன்னா?"

"வேற பாட்டு வாசிங்க."

டிராம்போன் வாசிக்கும் கவிதா சிரித்துவிட்டாள். "எழுதுடி. பேனா தீர்ந்தா என்கிட்ட இருக்கு."

முரளி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சீக்கிரம்" என்றார். மன்னிப்பு ஒரு சொல் இல்லை. சூயிங்கத்தைக் குதப்பிக்கொண்டே நின்றார். இன்றும் அந்த வாய் நினைவுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அவள் குறியை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில், முதல் டிரம்பெட் தாளில் தொடங்கி, எல்லாவற்றிலும் முழுப்பெயர் எழுதினாள். தன் இசைக்குக் கீழே அம்சவேணி முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 2023 மார்ச் 11, சனிக்கிழமை.