லேட் என்றால் வருவார்

இந்த நாட்டில் சிரிப்பைக்கூடப் பெட்டியில் அடைத்தே அனுப்புகிறார்கள். ஞாயிறு மாலை. நாங்கள் குடியிருக்கும் கிளென் ஈடனில் மழை தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருக்க, தொலைக்காட்சிக்குள் முகமில்லாத நூறு பேர் ஒரே மூச்சில் சிரிக்கிறார்கள். பிரித்தானிய நகைச்சுவைத் தொடர். ஆங்கிலக் கிராமமொன்றில் ஒருத்தியின் புருஷனைக் காணவில்லை. வாராவாரம் இன்ஸ்பெக்டர் வந்து அவளுடைய தோட்டத்தைத் தோண்டுகிறார். ஒரு வாரம் நாயின் எலும்பு. மறுவாரம் யாரோ புதைத்த குளியல் தொட்டி. பிணம் மட்டும் கிடைப்பதில்லை. அவள் தேநீர் ஊற்றுகிறாள், சிரிப்பு. மண்வெட்டி எதிலோ முட்டுகிறது, சிரிப்பு. பிணம் தேடுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இட்ஸ் ஒன்லி அ கொமெடி, மேட்" என்று சொல்லிவிட்டு, அதற்கும் சிரித்தார்.

நான் அந்தத் தொடரை வெறுத்தேன். என் சித்தியின் மகள் வதனியோ ஒரு வாரமும் அதைத் தவறவிட்டதில்லை. எண்பத்தைந்தில் ஒரு காலை, யாழ்ப்பாணத்தில், அவளுடைய புருஷன் சைக்கிளில் வேலைக்குப் போனார். சைக்கிள் மட்டும் வீட்டுச் சந்தின், அந்த ஒழுங்கையின், முகப்பில் கிடந்தது. கையில் ஒரு படத்தோடு அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. பார்க்காத பிணவறை இல்லை. ஒவ்வொரு பிணவறையிலிருந்தும் அவர் அங்கே இல்லை என்ற நிம்மதியோடுதான் வெளியே வந்தாளாம். நான் அவளை இங்கே அழைத்தபோது தாலியும் குங்குமமும் அவளோடு விமானம் ஏறின. ஊர் வாய் முணுமுணுத்தது. உடல் கிடைக்கும்வரை தான் சுமங்கலி என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை.

அவளுக்கு வேலை விரி என்ற புறநகரில், ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் பிந்தினாலும் மேற்பார்வையாளன் கெவின் எல்லோர் முன்னாலும் "லேட்! லேட் அகெய்ன்!" என்று குரைப்பான். அவள் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த நாடு அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் ஆங்கிலச் சொல் அதுதான். ஆகவே தொடரில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி "யுவர் லேட் ஹஸ்பண்ட், மேடம்" என்றபோது வதனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேட்டீங்களே அண்ணை? லேட் எண்டுதான் சொல்லுறாங்கள். செத்துப்போனார் எண்டு ஒருத்தனும் சொல்லேல்ல."

"ம்."

"பிந்தினாலும் வருவார். இருந்து பாருங்கோ, கடைசிக் கிழமை வந்து வாசல்லை நிப்பார்."

ஆங்கிலத்தில் அது இறந்தவரையும் குறிக்கும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மொழியும் லேசுப்பட்டதல்ல, 'காலமானார்' என்கிறோம். சாவை நேரத்தின் தலையில் கட்டிவிட்டு இரண்டு மொழிகளும் நல்ல பிள்ளையாக நிற்கின்றன. அகராதியைக் காட்டி அவள் நெற்றியை அழிக்க நான் யார்? கருணை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான்.

வெள்ளிக்கிழமை ஓர் அட்டையோடு வந்தாள். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒருத்தி, புருஷன் எங்கே என்று சில நாட்களுக்கு முன் கேட்டிருக்கிறாள். "மை ஹஸ்பண்ட் லேட்" என்று இவள் பெருமையாகச் சொல்ல, கட்டிப்பிடித்து அழுதாளாம்.

"இந்தச் சனத்துக்கு விசர், அண்ணை. பிந்தினதுக்கு ஆரும் அழுவினமே? இண்டைக்கு இதைத் தந்தவை. என்ன எழுதிக்கிடக்கு? வாசியுங்கோவன்."

முகப்பில் வெள்ளை லில்லிப் பூ. உள்ளே வலப்பக்கம் முழுவதும் முப்பது கையெழுத்துகள், கெவினுடையதுதான் பெரிதாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடிருக்கிறவளுக்கு ஒரு 'குட் மோர்னிங்' சொல்ல வாய் வராதவர்கள், ஒரு சாவு என்றதும் வரிசையில் நின்று பேனா பிடித்திருக்கிறார்கள். இவர்களுடைய இரக்கத்துக்குப் பிணம் வேண்டும்; இல்லையென்றால் தாங்களே ஒன்று செய்துகொள்வார்கள்.

வாசித்தேன். அந்தச் சொல்லின் மற்றப் பொருளையும் சொன்னேன்.

"உங்களுக்கு முதலே தெரியும்?"

"ஓம்."

"அப்ப, அந்தப் பெட்டிக்குள்ள இருந்து சிரிக்கிற ஆக்களிலை நீங்களும் ஒராள்."

அவள் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதைத் திருப்பிக் குடுக்கப்போறன். எழுதுங்கோ. ஹி இஸ் நொட் லேட்."

வெறுமையாயிருந்த இடப்பக்கத்தில் எழுதினேன்.

"பொறுங்கோ. எங்கடை ஆக்கள் வாசிச்சால், நேரத்துக்கு வந்திட்டார் எண்டெல்லோ நினைப்பினம்?"

"நினைப்பினம்."

"வெள்ளையள்?"

"உயிரோடை இருக்கிறார் எண்டு."

"ரெண்டும் கிடக்கட்டும்."

மை காயவேண்டும் என்று அட்டையை மேசையில் விரித்து வைத்தாள். ஒரு பக்கத்தில் முப்பது பேர் ஒப்பமிட்டு அடக்கம் செய்துவிட்ட மனிதர். மறுபக்கத்தில், என் கோணல் எழுத்தில், இன்னும் வழியில் இருப்பவர். புது அட்டை, தானாக மூடப் பார்த்தது. நடு மடிப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவள் நின்றாள்.