பில் போடவா, வேண்டாமா?

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெயிண்டிங் கான்ட்ராக்டருக்கு இது பெரிய குறை. போனில் யாராவது ரேட் கேட்டால் முதலில் ஓர் இருமல் வரும். பிறகு இரண்டு விலை சொல்வார்: பில் போட்டால் இவ்வளவு, போடாவிட்டால் இவ்வளவு. சுவருக்கு எந்த நிறம் என்று முடிவு செய்ய ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறவர்கள், பில் வேண்டாம் என்பதை மட்டும் ஒரே நொடியில் முடிவு செய்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் இந்த இருமல் கிடையாது. அரசாங்கம் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்த காலம் அது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று கண்ணில் பட்ட சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். இவரிடம் எட்டு ஆட்கள். எட்டுப் பேருக்கும் முறையான பதிவு, மாதாமாதம் பென்ஷன் சந்தா. அந்த எட்டில் ஒருவர் என் தாய்மாமா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவருக்குப் படுக்கை.

பிறகு கஜானா வற்றியது. முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வரவில்லை. ஆனால் பில் எழுதியாகிவிட்டதே, அதற்கு வரியைக் கட்டு என்றார்கள். இவர் அரசாங்க அலுவலகத்துக்கே நேரில் போய்ப் பணத்தைக் கேட்டதற்கு, "பட்ஜெட்ல துண்டு விழுதுங்க. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்றாராம் அங்கிருந்த குமாஸ்தா.

"அப்போ அந்த அகப்பை எதுக்குங்க நம்ம சட்டிக்குள்ள வருது?" என்று கேட்டேன்.

விழுந்த துண்டைச் சரிக்கட்ட வரியை ஏற்றினார்கள். வரி ஏற ஏற, பில் கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஏழு ஆட்களும் பதிவிலிருந்து கழன்று, அன்றாடக் கூலியைக் கையில் வாங்கத் தொடங்கினார்கள். மாமாவின் பெயரை மட்டும் இவர் எடுக்கவில்லை. அவருடைய பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடச் சந்தா பாக்கி இருந்தது. வேலையே காட்டாமல் ஆளை மட்டும் கணக்கில் காட்ட முடியாது. அதனால் மாதம் ஒரு வேலைக்காவது பில் போடுவார். வேலை கொடுத்தவர்கள் பில்லுக்கு மறுத்தால், பில் இல்லாத விலையை வாங்கிக்கொண்டு வரியைக் கைக்காசிலிருந்து கட்டுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊரே கமுக்கமா சம்பாதிக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேண்டாத வேலை? பில் வேண்டாம்னு சொல்லித் தொலைங்களேன்!"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்புறம் சட்டியில எப்படி இருக்கும்?"

"மத்த வேலைக்கெல்லாம் நீங்களும்தானே இருமுறீங்க?"

"மாமா விஷயத்துல மட்டும் இருமல் வரமாட்டேங்குது" என்பார்.

மாமா இதையெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரி பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருப்பார். பென்ஷன் வந்த மறுநாளே ஏணியோடு உறவை முறித்துக்கொள்ளப் போவதாகச் சொல்வார். அவருடைய முழங்கால் அவரை முந்திக்கொண்டு ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தது.

சந்தா முடிய ஒரு மழைக்காலம்தான் மீதி. அன்று காலை, நாங்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள்: பற்றாக்குறையைக் குறைப்பதற்காக, பென்ஷன் வாங்க இனிமேல் கூடுதலாக ஐந்து வருடம் சந்தா கட்ட வேண்டும்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை, என் பேரையும் எடுத்துடுங்க."

"இருங்க மாமா, பார்த்துக்கலாம்."

"இன்னும் என்னத்தப் பார்க்கிறது? நான் கிட்டப் போகப் போக அவங்க கோட்டைத் தள்ளித் தள்ளிப் போடுறாங்க. அதுக்கு நீங்க எத்தனை நாள் கைக்காசு கட்டுவீங்க?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. யாரோ இரண்டு அறைக்கு ரேட் கேட்டார்கள். இவர் போனைக் காதில் வைத்தபடி நின்றார். இருமலும் வரவில்லை, விலையும் வரவில்லை. மாமா எழுந்து போய் போனை வாங்கிக்கொண்டார்.

"வணக்கம்ங்க. பில்லெல்லாம் வேண்டாங்க. நாளைக்குக் காலையில வந்துடுறோம்."

இத்தனை நாள் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கத்தியவள் நான்தான். அதை மாமாவின் வாயால் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூலையில் இருந்த ஏணியை எடுக்கப் போனார். இவர் போய் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.