பதினொரு ஓம்

விக்னேஸ்வரிக்குக் கார் ஓட்டப் பழக்குவது தொழில். பக்கத்து இருக்கையில் அவள் உட்காரும் விதமே தனி. இடது கை கதவுப் பிடியில் இருக்கும். வலது கால், அவள் பக்கம் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே, தொடாமல் நிற்கும். ஓட்டுபவர் கண்ணாடி பார்த்தால், "ஓம்." சிக்னல் போட்டால், "ஓம்." தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் இழுத்து, "ஓஓம்." பிழை விட்டால் ஓம் நின்றுவிடும். அந்த மௌனத்துக்கே மெல்பேர்னின் டார்னெய்ட் பகுதியில் அவளிடம் பழக வரும் பெண்களுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

சென்னையிலிருந்து வந்த ப்ரீத்தி முதல் வாரம் மிரண்டே போனாள்.

"ஆன்ட்டி, நான் ஓட்டறது அவ்ளோ பயமா இருக்கா? நிமிஷத்துக்கு ஒரு தடவ சாமியக் கூப்பிடறீங்களே!"

விக்னேஸ்வரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "இது சாமியில்லைப் பிள்ளை. நீங்கள் ஆமா எண்டு சொல்லுவியள், நாங்கள் ஓம் எண்டு சொல்லுவம். அவ்வளவுதான். ரோட்டைப் பாருங்கோ."

அடுத்த ஆண்டு அதே குழப்பம் மன்றத்து மண்டபத்தில் திரும்ப வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேற்கு மெல்பேர்ன் தமிழர் மன்றத்தின் விதிப்படி, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. விக்னேஸ்வரியின் அக்கா மகன் பிரஷாந்தனுக்கு இரண்டும் இல்லை. படகில் வந்தவன். தற்காலிக விசா ஒன்றைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலையில் நரை விழத் தொடங்கியிருந்தது. மண்டபத்துச் சுவர்களுக்குப் பெயின்ற் அடித்தவன் அவன். பொங்கலன்று பானையைக் கிண்டுகிறவனும் அவன். ஆனால் கூட்டத்தில் கைகள் உயரும் நேரத்தில், தேநீர் வைத்திருக்கும் மூலையில் போய், தன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பான். உயர்ந்துவிடுமோ என்று பயந்து கட்டியவன் போல.

அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் விக்னேஸ்வரி விதியை மாற்றக் கிளம்பினாள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். மன்றமும் வேறு வழியின்றி அங்கத்தவர் எல்லாரிடமும் வாக்கெடுப்பு வைத்தது. விசா எதுவானாலும் முழு அங்கத்துவம் தரலாமா? நான்கில் மூன்று பங்கு சம்மதித்தால் விதி மாறும். சீட்டில் 'ஆம்' அடிப்பதா, 'யெஸ்' அடிப்பதா என்று செயற்குழு இரண்டு கூட்டம் சண்டை பிடித்துவிட்டு, கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டது. 'சம்மதமா? பதிலை எழுதவும். வேறு குறி, சின்னம் கூடாது' என்று மட்டும் அச்சடித்தார்கள்.

எண்ணும் பொறுப்பு சேஷாத்ரிக்கு. ஓய்வுபெற்ற தணிக்கையாளர், எந்தப் பக்கமும் சாயாதவர் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட மனிதர். அவர் மைக்கைப் பிடித்து, இரண்டு வாக்குக் குறைவால் விதி மாறவில்லை என்றார். மதச் சின்னம் போட்ட பதினொரு சீட்டுகளைத் தள்ளுபடி செய்ததாகவும் சொன்னார்.

"என்ன சின்னம்?" விக்னேஸ்வரி எழுந்து கேட்டாள்.

"பிரணவம் மா. பதினோரு பேர் ஓம்னு போட்டுட்டு, பதில் எழுத மறந்துட்டா. கடுதாசி எழுதறச்சே பிள்ளையார் சுழி போடுவோமில்லையா, அந்தப் பழக்கம்னு நெனச்சுண்டேன்."

சூசைப்பிள்ளை அங்கிள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போற கத்தோலிக்கன். நான் ஏன் பிரணவம் எழுதப்போறன்? சம்மதமோ எண்டு கேட்டியள். ஓம் எண்டு எழுதினனான்!"

சிரிப்பு அலையாய்ப் போனது. சேஷாத்ரியின் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. "பேச்சுல கேட்டிருக்கேன்," என்றார் மெதுவாக. "எழுதிப் பாத்ததில்லையே... திரும்ப எண்ணிடலாமே?"

தலைவர் தேவராஜா மைக்கை வாங்கினார். யாழ்ப்பாணத்தவர். பேசப் பழகிய நாளிலிருந்து ஓம் சொல்லி வளர்ந்தவர். "முடிவு அறிவிச்சாச்சு. எண்ணினவரின்ர தீர்ப்பே இறுதி. இண்டைக்கு நிரந்தர விசா இல்லாதவைக்கு வாக்குக் குடுத்தால் நாளைக்கு மண்டபத்தையும் கேப்பினம்."

"தேவராஜா அண்ணை," விக்னேஸ்வரியின் குரல் உயரவில்லை. "பொம்பிளை பிடிச்சிருக்கோ எண்டு கேக்கேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்? மந்திரமோ சொன்னனீங்கள்?"

முன்வரிசையில் இருந்த தேவராஜாவின் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்தது என்றார்.

வீடு திரும்பும் வழியில், வழக்குப் போடப்போவதாக அவள் சொன்னதும் பிரஷாந்தன், "விடுங்கோ சின்னம்மா. கோடு கீடு எண்டு போய், நாளைக்கு என்ர விசாவில கை வைச்சால்?" என்றான்.

"உன்ர பேர் ஒரு இடத்திலயும் வராது. அங்கத்தவர் நான். பேரும் என்ரதான்."

இலவசச் சட்ட உதவி நிலையத்தில் புஷ்பவல்லி என்ற மலேசியத் தமிழ் வழக்கறிஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"நாட்டோட வாக்கெடுப்பா இருந்தா, ஆன்ட்டி, நீங்களோ நானோ ஒண்ணும் செய்ய முடியாது. முடிவு தப்புன்னு உயர் நீதிமன்றத்துல மனு போட அரசாங்கங்களுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும்தான் உரிமை. ஓட்டுப் போட்டவங்க வெளிய நின்னு பாக்கலாம். சங்கம் அப்படி இல்ல. உறுப்பினர் ஒருத்தர் போதும், மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம்."

"அப்ப இந்த விசயத்தில எங்கட மன்றம் நாட்டை விடப் பெரிசு."

"ஆனா நேரா போக முடியாது. முதல்ல மன்றத்து விதிப்படியே முறையீடு, அப்புறம் நடுவர் வச்சு சமரசம். அது முறிஞ்சாத்தான் கோர்ட். முக்கியமா, அந்தப் பதினோரு சீட்டையும் கிழிச்சுப் போடக் கூடாதுன்னு இன்னிக்கே எழுதிக் குடுத்திடுவோம். இன்னொண்ணு, இது அற்ப விஷயம்னு நீதிபதி நெனச்சா தள்ளிடலாம். செலவும் உங்க தலையில விழும்."

"ரெண்டு எழுத்துத்தான்," என்றாள் விக்னேஸ்வரி. "அற்பமோ எண்டதை அவரே சொல்லட்டும்."

சமரசப் பேச்சில் தேவராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு ஊர் பேசத் தொடங்கியது. பழக வந்த இரண்டு பெண்கள் சொல்லாமல் நின்றுகொண்டார்கள். கடையில் கறிவேப்பிலை பொறுக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து நின்றார்கள். ஒருநாள் பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் கத்தினார்.

"தமிழாக்களைத் தமிழாக்களே கோட்டில ஏத்திறதோ? வெக்கமில்லையோ? உண்மையாத்தான் ஏத்தப் போறியோ?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

விசாரணைக்கு முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

"ஆங்கிலத்துலயும் டிரைவிங் சொல்லித் தர்றீங்களே ஆன்ட்டி?" புஷ்பவல்லிக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு எனக்குத் தமிழ்தான் வரும்."

நீதிமன்றத்தில் மன்றத்தின் வழக்கறிஞர் நன்றாகவே வாதாடினார். சின்னம் கூடாது என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. ஓம் இந்துக்களின் புனிதச் சின்னம் என்பது உலகமே அறிந்தது. எண்ணியவர் நல்லெண்ணத்தோடு செய்தார். புஷ்பவல்லி சேஷாத்ரியின் சத்தியக் கடதாசியை நீட்டினாள். 'பிழை என்னுடையது, அந்தச் சீட்டுகளை எண்ணியிருக்க வேண்டும்' என்று அவர் தாமாகவே எழுதிக் கொடுத்திருந்தார். இருந்தும் நீதிபதியின் புருவம் இறங்கவில்லை. விக்னேஸ்வரியைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார்கள்.

மன்றத்தின் அங்கத்தவரா என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கோயம்புத்தூர்ப் பெண். கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

"ஓம்."

"யெஸ்," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

எண்ணும்போது மண்டபத்தில் இருந்தீர்களா?

"ஓம்."

"யெஸ்."

முடிவை அன்றே எதிர்த்தீர்களா?

விக்னேஸ்வரி தோளுக்கு மேலாகத் திரும்பி, பின்வரிசையிலிருந்த தேவராஜாவை ஒருமுறை பார்த்தாள். "ஓஓம்."

"யெஸ்."

எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பேனா நின்றது. நீதிபதி மொழிபெயர்ப்பாளரிடம், சாட்சி இப்போது சொன்ன சொல்லைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அவள் எழுதினாள். அந்தத் தாளையும் பதினொன்றில் ஒரு சீட்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழ் தெரியாத அந்த மனிதர் இரண்டு எழுத்தைப் பார்த்த அவ்வளவு நேரம், அறையில் தேவராஜாவின் செருமல் மட்டும் கேட்டது.

அற்பம் என்று அவர் சொல்லவில்லை. பதினொன்றையும் சம்மதமாக எண்ண வேண்டும், விதி மாறிவிட்டது என்று பதிய வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரஷாந்தன் கைகளைக் கட்டவில்லை. தேநீர் மூலையிலிருந்து நடந்து வந்து, நடுவரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கை தூக்கச் சொன்னபோது எல்லாருக்கும் முதல் தூக்கி, எல்லாருக்கும் கடைசியாய் இறக்கினான்.

திரும்பும்போது கார் ஓட்டியவனும் அவன்தான். அந்தக் காரில் இரண்டாவது பிரேக் இல்லை. ஆனாலும் அவள் வலது கால் வெறும் தரைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது.

"சின்னம்மா, அந்தப் பதினொண்டில உங்கட எது? வளைச்சு வளைச்சு எழுதினதோ?"

"என்ரது அதுக்குள்ள இல்லையடா. என்ரதை அண்டைக்கே எண்ணிப்போட்டினம். எண்ணாமல் விட்டதுக்குத்தானே கோட்டுக்குப் போனது."

அவள் தன் சீட்டில் ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று எழுதியிருந்தாள்.